காசு வந்த வீட்டின் கதை

2007ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் எனக்கொரு சிறுகதை தபாலில் வந்தது. சஞ்சிகையொன்றுக்குக் கதைகளைத் தெரிவு செய்து கொடுக்கும் வேலையை நான் அப்போது செய்துகொண்டிருந்தேன். றூல் போட்ட கொப்பித் தாளில், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார் அந்தச் சகோதரி. கிழக்கின் கரையோர ஊரொன்று. கதை ஒரே இரவில் நடக்கிறது. கடல் உடைத்த வீட்டைத் திருப்பிக் கட்ட அரசாங்கம் கொடுத்த காசின் முதல் தவணையை அன்று பகல் வங்கியிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். இஷாவுக்குப் பிறகு குடும்பம் பாயில் வட்டமாக இருந்து காசை எண்ணுகிறது. எண்ணி முடித்ததும் பங்கு வைக்கிறது.

ஈடு வைத்த காப்பு. கடைக்காரரின் கொப்பியில் நிற்கும் கடன். மூத்த மகளின் கூரைக்கு ஓடு. வாப்பாவுக்குத் தோணியில் பாதிப் பங்கு. சீட்டுக்குக் கட்டத் தவறிய மூன்று மாதம். மையித்தாகிப்போன மச்சியின் பேரில் நேர்ந்திருந்த கந்தூரி. இளைய குமருக்கு இனிமேல்தான் பார்க்க வேண்டிய வளவு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தொகை. வீடு கட்டத் தந்த காசு வீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. கடைசியில் மகன் கேட்கிறான்: "உம்மா, ஒங்களுக்கு என்ன வேணும்?" உம்மா கொஞ்ச நேரம் யோசிக்கிறா. "பூட்டுப் போட்ட அலுமாரி ஒண்டு" என்கிறா. எல்லோரும் சிரிக்கிறார்கள். கதை முடிகிறது.

நான் அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு துண்டுக் கடிதம். "சகோதரி, இது கதையல்ல, வரவு செலவுக் கணக்கு. சுனாமியின் துயரம் இதில் எங்கே? பாத்திரங்களின் அகவுலகம் எங்கே?" என்று எழுதியதாக ஞாபகம். அக்காலத்தில் 'அகவுலகம்' என்ற சொல்லில் எனக்கு ஒரு மோகம் இருந்தது. அதன் பின் அந்தச் சகோதரியின் எழுத்து எதையும் நான் எங்கும் காணவில்லை.

சென்ற வருடம் எங்கள் வாசகர் வட்டத்தில் செக்கோவின் கதையொன்றை எடுத்துப் பேசினோம். 1887ல் எழுதப்பட்டது. லொத்தர்ச் சீட்டைப் பற்றிய கதை. அதை வாசித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கொப்பித் தாள்கள்தான் கண்ணுக்குள் நின்றன. இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம்.

செக்கோவின் கதை வாசகர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். ஆயினும் அதன் கட்டமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இவான் திமித்ரிச் வருடத்துக்கு 1200 றூபிள் வருமானத்தில் குடும்பம் நடத்துபவன். அதில் அவனுக்குக் குறையொன்றும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்திரிகை பார்க்கிறான். மேசையைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கும் மனைவி மாஷா, லொத்தர் முடிவு வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறாள். தொடரிலக்கம் 9499. சீட்டிலக்கம் 26. தொடரிலக்கம் சரியாக இருக்கிறது. சீட்டிலக்கத்தைப் பார்க்காமல் பத்திரிகையை மடியில் போட்டுவிட்டு இருவரும் கனவு காண்கிறார்கள். வெற்றி விழுந்தால் 75,000 றூபிள்.

அந்தக் கனவின் முதல் வடிவம் என்ன? ஒரு பட்டியல். 25,000 றூபிளுக்குக் காணியும் வீடும். 10,000 உடனடிச் செலவுக்கு: தளபாடம், பிரயாணம், கடன் அடைத்தல். மிச்சம் 40,000 வங்கியில், வட்டிக்கு. கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். உலகச் சிறுகதையின் ஆசான் என்று நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் மனிதர் ஒரு வரவு செலவுக் கணக்கோடுதான் கதையைத் தொடங்குகிறார். நான் எந்த முகத்தோடு அந்தச் சகோதரிக்குக் கடிதம் எழுதினேன்?

பிறகு கனவு விரிகிறது. கோடை, ஓடைக் கரை, வெந்த மணல், பிள்ளைகள், காளான் பொறுக்குதல். பின்பு மழைக்காலம். மழைக்காலம் வந்தால் வெளிநாடு போகலாம். இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. வெளிநாடு போவதென்றால் மனைவியும் வருவாளே! ஒவ்வொரு சதத்துக்கும் பெருமூச்சு விடுவாளே! அப்போது அவனுக்கு ஒரு விடயம் உறைக்கிறது. சீட்டு அவனுடையதல்ல, அவளுடையது. முதன்முறையாக அவளைப் பார்க்கிறான். வயது போனவள், சமையல் மணக்கிறவள். அவளுடைய உறவினர்கள் கையேந்திக்கொண்டு வரிசையாக வருவது தெரிகிறது. அவனது முகத்தில் ஓடுவதை அவளும் வாசித்துவிடுகிறாள். அவளுக்கும் அவள் பாட்டில் கனவுகள் இருந்தன. வெறுப்பு இரண்டு பக்கமும் ஏறுகிறது. அவளை நோகடிப்பதற்காகவே அவன் பத்திரிகையைத் திறந்து சத்தமாக வாசிக்கிறான்: இலக்கம் 46. 26 அல்ல. வெறுப்பும் போய்விடுகிறது, நம்பிக்கையும் போய்விடுகிறது. ஆனால் அறைகள் இருண்டு சிறுத்துவிட்டன. சாப்பிட்ட சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது. காலில் மிதிபடும் பாண் துணுக்கைப் பற்றிக் கத்திவிட்டு, எங்காவது போய்த் தூக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று எழும்புகிறான்.

ஒரு சதமும் கைக்கு வராமலே ஒரு வீடு உடைகிறது. அதை உடைப்பது பேராசை என்று பெரும்பாலானோர் சொல்வார்கள். எங்கள் வட்டத்திலும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. திருப்புமுனை பேராசையில் இல்லை. சீட்டு யாருடைய பெயரில் என்ற கேள்வியில் இருக்கிறது. 1200 றூபிளில் வாழ்ந்த காலமெல்லாம் அந்தக் கேள்வி எழத் தேவைப்படவில்லை. காசு வரப்போகிறது என்ற உடனே எழுந்துவிட்டது.

ஒரு நண்பர் ஆட்சேபம் தெரிவித்தார். லொத்தர் மைஸிர், நமக்கு ஹராம், ஆகவே இந்தக் கதை நமது வாழ்வியலுக்கு அந்நியமானது என்றார். பஸ் நிலையத்தில் சுவீப் டிக்கட் விற்பவனிடம் தொப்பியைக் கழற்றிப் பொக்கட்டில் வைத்துவிட்டு வாங்குகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவரும் பார்த்திருப்பார். அது இருக்கட்டும். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எதிர்பாராத பெருந்தொகை நம் வீடுகளுக்கு வேறு பெயர்களில் வருகிறது. வாப்பா மௌத்தானதும் விற்கப்படும் வயல் காணி. வீதி அகலித்ததும் நட்டஈடு கிடைத்த கடை. சவூதியிலிருந்து காக்கா மொத்தமாக அனுப்பிய காசு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்த உதவி.

மார்க்க நூல்கள் இந்த விடயத்தை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால், நமது கதாசிரியர்களைவிட அவை நிதானமாக இருப்பது தெரியும். புதையல் கண்டெடுத்தவனை ஃபிக்ஹு சபிக்கவில்லை. ரிகாஸில் ஐந்திலொரு பங்கு கொடுக்க வேண்டும் என்கிறது, மீதி அவனுக்கு. வாரிசுச் சொத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டிலொன்று, தாய்க்கு ஆறிலொன்று, மகனுடைய பங்கில் பாதி மகளுக்கு. நம் நாட்டில் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் வழியாக இந்தக் கணக்கு நீதிமன்றத்துக்கும் போனது. மையித்து வீட்டில் அழுகை அடங்குமுன்பே பின்னக் கணக்குப் போட வைக்கும் ஒரு மரபில் வந்தவர்கள் நாம். காசைப் பற்றிப் பேசுவது இழிவு என்ற எண்ணத்தை நமது இலக்கியம் எங்கிருந்து பிடித்தது? காறூனின் கதை ஞாபகத்தில் நிற்கிறது, பராயிழ் மறந்துவிடுகிறது. நமது சிறுகதைகளில் பணம் வந்த வீடு பெரும்பாலும் காறூனின் வீடுதான். மூன்றாம் பக்கத்தில் பூமி விழுங்கிவிடும்.

இந்த 'பூமி விழுங்கும்' மரபின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நம்முடையதல்ல, அமெரிக்கருடையது. ஸ்டைன்பெக்கின் 'முத்து' என்ற குறுநாவல் 1947ல் வெளிவந்தது. மெக்சிக்கோக் கரையில் முத்துக்குளிக்கும் கீனோ, அவன் மனைவி ஹுவானா, கைக்குழந்தை கோயோத்தித்தோ. குழந்தையைத் தேள் கொட்டுகிறது. காசில்லாதவன் என்று வைத்தியர் பார்க்க மறுக்கிறார். அதே நாளில் கீனோவுக்குப் பெரிய முத்தொன்று அகப்படுகிறது. மறுத்த வைத்தியர் தேடி வருகிறார், பாதிரியார் வருகிறார், ஊரே வருகிறது. முத்து வியாபாரிகள் பலராகத் தெரிந்தாலும் அவர்களுக்குப் பின்னால் முதலாளி ஒருவன்தான். ஆயிரம் பெசோ என்கிறார்கள். கீனோ ஐம்பதாயிரம் என்கிறான். பிறகு குடிசை எரிகிறது, ஓடம் உடைக்கப்படுகிறது, கொலை நடக்கிறது, குழந்தை சுடப்பட்டுச் சாகிறது. முத்தைக் கடலில் எறிந்துவிடுகிறார்கள்.

எனது இளமையில் இந்த நூலைக் கண்ணீரோடு வாசித்தேன். இப்போது வாசிக்கையில் எரிச்சல் வருகிறது. கீனோ முத்தைக் கையில் வைத்துக்கொண்டு விரும்புகிறவை என்ன? தேவாலயத்தில் முறைப்படி திருமணம், புது உடுப்பு, ஒரு எறியீட்டி, ஒரு துவக்கு, மகனுக்குப் பள்ளிக்கூடம். இந்தப் பட்டியல்தான் நூலின் மிகச் சிறந்த பகுதி. ஏழையின் ஆசை எவ்வளவு ஒழுங்காக வரிசையில் நிற்கிறது என்பதை ஸ்டைன்பெக் உண்மையாகவே கண்டிருக்கிறார். கண்டுவிட்டு அதற்காக அவனைத் தண்டிக்கிறார். வியாபாரிகளின் கூட்டுச் சதியை அம்பலப்படுத்திய அதே பேனா, இறுதியில் முத்திலேயே தீமை இருந்தது போல முடித்துவைக்கிறது. சதிகாரர்கள் கடையில் பத்திரமாக இருக்கிறார்கள். முத்துதான் கடலுக்குப் போகிறது.

முத்து என்றதும் நமக்கு மன்னார் ஞாபகம் வரவேண்டும். சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் ஆங்கிலேயர் காலத்தில் நடந்த முத்துக்குளிப்பே ஒரு பெரும் லொத்தர்தான். தமிழரும் சோனகரும் அரபிகளும் மூழ்கி எடுத்த சிப்பியில் அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளிப்பவருக்கு ஒரு பங்கு. அரசாங்கப் பங்கு இரவில் ஆயிரக் கணக்கில் ஏலம் போகும், ஒரு சிப்பியும் திறக்கப்படாமலே. குளிப்பவர்கள் தம் பங்கைக் கரையில் சின்னஞ்சிறு கூறுகளாக விற்பார்கள். நாலு சிப்பி, ஆறு சிப்பி வாங்கிக்கொண்டு ஓரமாய்ப் போய்த் திறந்து பார்ப்பவர்கள் ஏராளம். (இந்த வியாபாரத்தில் கரர் உண்டா என்பதை ஆலிம்கள்தான் சொல்ல வேண்டும்.) 1905ல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். மறுவருடம் ஒரு கம்பனிக்கு இருபது வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு பார்கள் வரண்டுபோயின.

1906ல் மறிச்சுக்கட்டியில் அரசாங்க உத்தியோகத்தராக நின்ற லெனாட் வுல்ஃப் பின்னர் அந்த அனுபவத்தை வைத்தே ஒரு சிறுகதை எழுதினார். அதில் ஒரு வெள்ளைக்காரச் சூதாடி குடித்துப் பிதற்றிச் சாகிறான். ஓர் அரபு குளியாளி கடலில் மௌத்தாகி, கண்ணியமாகக் கரைக்கு வருகிறான். ஏகாதிபத்தியத்தை உள்ளிருந்து குத்திக் காட்டும் நல்ல கதை. ஆனாலும் எனக்கொரு குறை. வுல்ஃபின் குளியாளிக்குக் கண்ணியம் மௌத்தில்தான் கிடைக்கிறது. உயிரோடிருந்த குளியாளிகள் தமது மூன்றிலொரு பங்கை விற்ற காசை முடிச்சில் கட்டிக்கொண்டு ஊர் போய் என்ன செய்தார்கள்? யாருடைய கடனை அடைத்தார்கள், யாருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள்? வுல்ஃபும் எழுதவில்லை, நாமும் எழுதவில்லை. மறிச்சுக்கட்டி மக்கள் 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டதை எழுதினோம். அது எழுதப்பட வேண்டியதுதான், இன்னும் எழுத வேண்டும். ஆனால் அந்த ஊரின் வீடுகளுக்குள் ஒரு காலத்தில் காசு வந்து போன கதையை எழுத அங்கே இப்போது யாருடைய ஞாபகம் மிச்சமிருக்கிறது?

பஷீர் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறார். 1959ல் வந்த 'பாத்துமாவின் ஆடு' நம்மவர்கள் எல்லோரும் சிரித்துச் சிரித்து வாசித்த நூல். சிரித்ததனாலேயே அதன் பொருளாதாரத்தைக் கவனிக்கத் தவறிவிட்டோம். எழுத்தாளர் ஊருக்கு வந்திருக்கிறார், கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. தொகை பெரிதல்ல. ஆனால் அந்த வீட்டுக்கு அது பெரிது. செய்தி பரவியதும் ஒவ்வொருவரும் வருகிறார்கள், மற்றவருக்குத் தெரியாமல். உம்மா தனியாக வந்து கேட்கிறா. தம்பி தனியாக வந்து கேட்கிறான். ஆட்டுக்காரி பாத்துமா தன் ஆட்டுப் பாலை நம்பித் தனியே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் அந்த ஆட்டை வீட்டுப் பெண்கள் கறந்துகொள்கிறார்கள். எழுத்தாளரின் புத்தகங்களை ஆடு தின்றுவிடுகிறது.

பஷீர் யாரையும் தண்டிக்கவில்லை. உம்மாவின் இரகசியமும் தம்பியின் இரகசியமும் அவருக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. ஒரு வீட்டுக்குள் காசு நடக்கும் பாதைகள் அவை. அந்த நூலுக்கு அவர் வைத்த இன்னொரு பெயர் 'பெண்களின் புத்தி'. கேலி என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது கேலியாகப் படவில்லை. கையில் காசில்லாத பெண்கள் ஒரு பெருங்குடும்பத்தை நடத்தும் இரகசிய நிர்வாகத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை. செக்கோவில் ஒரு சீட்டு ஒரு தம்பதியைப் பிரிக்கிறது. பஷீரில் ஒரு வீடே மாறி மாறித் திருடிக்கொண்டு சேர்ந்து வாழ்கிறது. நமது வீடுகள் செக்கோவின் வீட்டைவிடப் பஷீரின் வீட்டுக்கே அதிகம் கிட்ட.

இனி நம்முடைய எழுத்துக்கு வருகிறேன். நண்பர்கள் கோபிக்கக் கூடாது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து நம்மவர்கள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். அதைப் பற்றி நான் வாசித்த கதைகள் பெரும்பாலும் இரண்டு அச்சுகளில் வார்த்தவை. ஒன்று, கணவன் வெளிநாட்டில், மனைவி ஜன்னலோரத்தில். மற்றது, பணிப்பெண்ணாகப் போனவள் பட்ட துன்பம். இரண்டும் உண்மை. இரண்டிலும் காசு மட்டும் காணாமல் போய்விடுகிறது. அனுப்பப்பட்ட காசு கதைக்குள் வந்தால் வாசனைத் திரவியமாக, ரி.வியாக, ஊதாரித் தம்பியாகத்தான் வரும். வாசனைத் திரவியம் வாங்கியவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் அந்தக் காசில் பெரும்பகுதி போனது எங்கே? கிழக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கல்லும் சீமெந்தும். மகளுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை என்ற வழமை இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. மூன்று குமர் இருந்தால் மூன்று வீடு. அதன்மேல் கைக்கூலி. ஆக, சாதாரணக் குடும்பமொன்றின் கையில் திடீரென்று பத்து இலட்சம் வந்தால் அது ஆசையாக வருவதில்லை, ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட பட்டியலின் மேல் வந்து விழுகிறது. காசு வந்தவன் தெரிவு செய்வதற்கு அதில் கொஞ்சம்தான் மிஞ்சும். அந்தக் கொஞ்சத்தில்தான் கதை இருக்கிறது என்பதை நான் விளங்கிக்கொள்ள இத்தனை வருடமாகியிருக்கிறது.

சுனாமிக்குப் பின் கொடுத்தவற்றை நினைத்துப் பாருங்கள். முற்றாக உடைந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம், பகுதி உடைந்ததற்கு ஒரு இலட்சம், தவணை தவணையாக. சமையல் பாத்திரத்துக்கு 2500. மையித்துக்கு 15,000. கிழக்கில் கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற விதி வேறு முதலில் இருந்தது. இந்த எண்களை ஒரு கவிதைக்குள் போட்டால் கவிதை முறிந்துவிடும் என்று அப்போது நாங்கள் நம்பினோம். அலை, ஓலம், கடல் தாயின் துரோகம் என்று எழுதிக் குவித்தோம். மகளை இழந்த உம்மா ஒருத்தி 15,000 ரூபாவுக்குக் கையெழுத்து வைக்கும்போது அவளது கை என்ன செய்தது என்று நான் வாசித்த எதிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. சீதனமாகப் பெண்ணின் பெயரில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பதிலாகக் கட்டிக் கொடுத்த வீட்டின் பத்திரம் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்டது. பெண்கள் அமைப்புகள் இதைப் பற்றிப் பேசின. இலக்கியவாதிகள் பேசவில்லை. இவான் திமித்ரிச்சுக்குச் சீட்டு அவளுடையது என்று உறைத்த அந்தக் கணம் நம் கரையோரத்தில் ஆயிரம் வீடுகளில் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. நம்மிடம் ஒரு செக்கோவ் இருக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஒருவர் கொப்பித் தாளில் எழுதித்தான் அனுப்பினார்.

நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் கட்டிய ஐந்நூறு வீடுகளின் கதையும் அப்படித்தான். யாருக்குக் கொடுப்பது என்ற இழுபறியில், வழக்கில், அரசியலில் அவை பல வருடங்கள் ஆளில்லாமல் பற்றை வளர்ந்து கிடந்தன. அதைப் பற்றி அறிக்கைகள் நிறைய உண்டு. அந்த வீடுகளில் ஒன்று தனக்கு வரும் என்று ஒரு பெண் மனதுக்குள் போட்டு வைத்திருக்கக்கூடிய கணக்குத்தான் நமக்கு வேண்டியது. எந்த அறைக்குள் யார் படுப்பது, அடுப்படி எந்தப் பக்கம்.

பொருளியலாளர்கள் இந்த விடயத்தில் நம்மை முந்திவிட்டார்கள் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்ல வேண்டும். கென்யாவின் மேற்குக் கிராமங்களில் ஏழை வீடுகளுக்கு நிபந்தனையில்லாமல் காசு கொடுத்து என்ன நடந்தது என்று ஆராய்ந்தார்கள். முடிவு 2016ல் வந்தது. மக்கள் புல்லுக் கூரையைக் கழற்றித் தகரம் போட்டார்கள், ஆடு மாடு வாங்கினார்கள். குடிக்கும் புகைக்கும் செலவு கூடவில்லை. ஸ்டைன்பெக் இதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. நம் நாட்டிலேயே, சுனாமிக்குப் பின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்வோரைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்து பத்தாயிரம், இருபதாயிரம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் இலாபம் நன்றாகக் கூடியது. பெண்களின் தொழிலில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. பெண்களுக்குத் தொழில் தெரியாது என்று சிலர் முடிவு கட்டினார்கள். 2019ல் வேறு சிலர் அந்தத் தரவுகளையும் இந்தியா, கானா நாடுகளின் தரவுகளையும் மறுபடி எடுத்து, வீட்டை முழுதாக வைத்துப் பார்த்தார்கள். பெண்ணுக்குக் கொடுத்த காசு பல இடங்களில் கணவனுடைய தொழிலுக்குள் போயிருந்தது.

இதை வாசித்தபோது நான் அந்த அலுமாரியை நினைத்தேன்.

2007ல் அந்தக் கதையை வாசித்தபோது உம்மாவின் ஆசை எனக்கு நகைச்சுவையாகப் பட்டது. கதைக்குள் இருந்தவர்களைப் போல நானும் சிரித்தேன். அவ்வளவு பெரிய அழிவுக்குப் பிறகு, அவ்வளவு கடனுக்கு நடுவே, அலுமாரி கேட்கிறாவே என்று. அலுமாரிக்குள் வைக்க அந்த வீட்டில் எதுவுமில்லை. எல்லாம் பங்கு வைத்தாகிவிட்டது. அதனால்தான் அவ பூட்டுக் கேட்கிறா. இனிமேல் எதுவும் வந்தால் அது முதலில் தன் கைக்குள் ஒரு இரவாவது நிற்க வேண்டும் என்று. பஷீரின் பெண்கள் பூட்டில்லாமல் தந்திரத்தால் செய்ததை இந்த உம்மா நேரே வாய் திறந்து கேட்கிறா. அதுவும் மருமகன்மாருக்கு முன்னால். நான் தேடிய அகவுலகம் அந்த ஒரு வரியில் இருந்தது. அது ஒரு தளபாடத்தின் பெயரில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

கதையில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எழுத்துப் பிழைகள் இருந்தன. கந்தூரிப் பகுதி தேவைக்கு மேல் நீண்டிருந்தது. மகன்மாருக்குள் யார் மூத்தவன் என்பது நடுவில் குழம்பியிருந்தது. ஒரு பென்சிலால் அரை மணித்தியாலத்தில் திருத்தக்கூடியவை. கதையை ஏற்றுக்கொண்டு, இவற்றைச் சொல்லி எழுதியிருக்கலாம்.

பிரதி எடுத்து வைக்கும் வழக்கம் அன்று என்னிடம் இருக்கவில்லை. தபால் உறையில் இருந்த விலாசத்தை வைத்து ஊரில் இரண்டு பேரிடம் விசாரித்தேன். அந்தக் குடும்பம் இடம் மாறிவிட்டது என்றார் ஒருவர். அப்படி ஒருவர் எழுதுவதே தனக்குத் தெரியாது என்றார் மற்றவர். இந்தச் சஞ்சிகை அந்தப் பக்கம் போகிறது என்பதால் இங்கே எழுதுகிறேன். சகோதரி, கொப்பி உங்களிடம் இருந்தால் அனுப்பி வையுங்கள். நான் ஞாபகத்தில் வைத்திருக்கும் பட்டியலில் ஒன்றோ இரண்டோ விடுபட்டிருக்க வேண்டும், கூட்டினால் தவணைத் தொகைக்குக் கிட்ட வரவில்லை. கடைக்காரரின் கடன் எவ்வளவு என்பதும் எனக்கு மறந்துபோய்விட்டது.